அளவுகோல் எவர் கையில்?

காவிரிக் கடைமடையில், கடற்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், முதிய உழவர் ஒருவர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். தம் வீட்டுக் கொல்லைக் கேணியின் நீரை ஆய்வகம் ஒன்றுக்குக் கொடுத்து, அதற்குரிய கட்டணத்தையும் கட்டி, அவர் பெற்றுவந்த முடிவுத்தாள் அது. மேலிருந்து கீழ்வரை ஆங்கிலம். வரிதோறும் ஓர் எண். அவர் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “தம்பி, என் பேரப்பிள்ளை இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா?”

கேணி அவருடையது; நீர் அவருடையது; கட்டிய பணமும் அவருடையதே. விடை மட்டும் அவருடையதன்று. கையிலேயே இருந்தும் அஃது அவருக்கு எட்டாத தொலைவில் இருந்தது. இலிட்டர் ஒன்றுக்குக் கரைந்துள்ள உப்புகள் 2,400 மில்லிகிராம் என்று அத்தாள் கூறிற்று. இந்தியத் தர அளவின்படி 500 வரை நன்று. வேறு நீர் கிடைக்காதவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் அது குடிநீராகாது. “கூடாது ஐயா” என்னும் இரண்டு சொற்களே அவருக்கு வேண்டியிருந்தன. அவ்விரண்டு சொற்களும் அத்தாளில் எங்குமில்லை.

இதனைச் சிறு நிகழ்ச்சி என்று எவரும் தள்ளிவிட வேண்டா. தன் நீரைத் தான் அளக்கத் தெரியாத, பிறர் அளந்ததைத் தன் மொழியில் படித்தறிய வழியில்லாத ஓரினம், தன் நீரின்மேல் உள்ள உரிமையை மெல்ல மெல்ல இழக்கும் என்பதற்கு இது முதற் குறியாகும். கேணியளவில் இன்று நிகழ்வதே ஆற்றளவில் நேற்று நிகழ்ந்தது. அதனைச் சிறிது விளக்குவோம்.

காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு தந்த இறுதித் தீர்ப்பில், எல்லையிலுள்ள பிலிகுண்டுலு என்னுமிடத்தில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீரைக் கருநாடகம் தமிழகத்துக்கு விடவேண்டும் என்று வரையறுத்தது. 2018-ஆம் ஆண்டு பிப்பிரவரி 16-ஆம் நாள், உச்ச முறைமன்றம் அதனை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. குறைந்தது 14.75 டி.எம்.சி.

இந்த ‘டி.எம்.சி.’ என்பதைச் செய்தியில் நாள்தோறும் கேட்கிறோம். அது யாது என்று கேட்டால் நம்முள் எத்தனைப் பேர் விடை கூறுவர்? ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடிக் கன அடி. உழவன் மொழியிற் சொன்னால், ஏறத்தாழ 23,000 ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர். அப்படிச் சொல்லியிருந்தால், 14.75 என்னும் எண் காதில் விழுந்த அன்றே கடைமடை உழவனின் நெஞ்சு துணுக்குற்றிருக்கும். ‘டி.எம்.சி.’ என்று சொன்னதனால் அது யாரோ எவரிடமோ இழந்த ஏதோ ஒன்றாகிப் போயிற்று. மொழி மறைத்த இழப்பு, கண்ணெதிரே நடந்தாலும் கண்ணில் படுவதில்லை.

சரி, அந்த 14.75 எவ்வாறு குறைந்தது? அதில் 4.75 பெங்களூர் நகரின் குடிநீர்க்கும் வீட்டுத் தேவைக்கும் என்றனர். நீர்விடாய்க்கு எல்லைக்கோடு இல்லை. அதனைப் பற்றி இங்கு வழக்காட நாம் வரவில்லை. எஞ்சிய 10 டி.எம்.சி.யைப் பற்றியே நாம் எண்ணவேண்டும். தமிழகக் காவிரிப் பகுதியின் நிலத்தடியில் 20 டி.எம்.சி. நீர் உள்ளது; அதில் 10-ஐயேனும் தமிழகத்தின் கணக்கில் சேர்க்கலாம்; எனவே அவ்வளவு ஆற்றுநீர் குறைந்தால் கேடில்லை என்பதே தீர்ப்பின் கரணியம். நடுவர் மன்றம் பங்கீட்டில் சேர்க்காமல் விட்டிருந்த நீர் அது. உச்ச முறைமன்றம் அதை எடுத்துக் கணக்கிற் சேர்த்தது. 10 டி.எம்.சி. என்றால் 2,30,000 ஏக்கரில் ஓரடி நீர். இத்துணைப் பெரிய நிலப்பரப்பின் நீர், படைகொண்டு வந்து பறிக்கப்பட்டதன்று. ஓர் எண்ணால் எடுக்கப்பட்டது.

இங்கேதான் அறிவியல் வருகிறது. காவிரிச் சமவெளியின் நிலத்தடி நீர் என்பது ஆற்றினின்றும் வேறான தனிச் செல்வமா? மேட்டூரிலிருந்து வரும் நீர் கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிகிறது; பின்னர் எண்ணற்ற கிளையாறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பரந்து வயலிற் பாய்கிறது. ஆற்று மணலில் இறங்குவதும், வாய்க்கால் கரையில் கசிவதும், நெல்வயலில் தேங்கி நின்று ஊறுவதும் மழைநீரோடு சேர்ந்து நிலத்துக்குள் போகின்றன. அதைத்தான் நாம் கேணியிலும் ஆழ்குழாயிலும் எடுக்கிறோம். ஆறு ஓடினால் ஊற்றுப் பெருகும். ஆறு வற்றினால் ஊற்றுச் சுருங்கும். ஆற்றில் நீர் வாராத ஆண்டிலோ, ஊறுவது குறைவதோடு இறைப்பதும் கூடும். ஆக இழப்பு இருமடங்கு.

எனவே ஆற்றுநீரைக் குறைத்துவிட்டு, நிலத்தடி நீரைக் காட்டி ஆறுதல் சொல்வது எதைப் போன்றது? ஒருவன் வீட்டில் கறந்த பாலையும் எண்ணி, அதே பாலை உறையிட்டு எடுத்த தயிரையும் தனியே எண்ணி, “உனக்கு இரண்டு சொத்து உள்ளன, எனவே பாலில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொள்” என்பதைப் போன்றது. பால் குறைந்தால் தயிர் எங்கிருந்து வரும்? மாட்டை வைத்திருப்பவள் இதைக் கேட்டால் சிரிப்பாள். அவளுக்குப் புரியும் மொழியில் அந்த வழக்கு நடந்திருந்தால் அவளே எழுந்து விடைகூறியிருப்பாள்.

கடலோரத்து நிலையோ இன்னும் கொடிது. நல்ல நீர் இலேசானது. கடல்நீர் உப்பால் அதனினும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. எனவே கடலோர மணலில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துப் பொறிஞர் பதோன் கைபனும், 1901-இல் செருமானியரான எர்ட்சுபெர்க்கும் தனித்தனியே இதனை ஆய்ந்து ஒரு கணக்கைக் கண்டனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும். மேலே ஓரடி இறங்கினால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறும். களிமண் அடுக்குகள் குறுக்கிடும் இடங்களில் இக்கணக்கு மாறும். ஆயினும் அதன் அடிப்படை மாறாது. நாகை, திருவாரூர்ப் பக்கத்துக் கடலோரக் குறுவட்டங்கள் பல, அரசின் நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பிலேயே உவர்நீர்ப் பகுதிகள் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. அந்த மண்ணுக்கு ‘உன் நிலத்தடியில் நீர் இருக்கிறது’ என்று ஆறுதல் சொல்லுவது, கடலைக் காட்டிக் குடி என்பதற்கு ஒப்பாகும். நீரின் அளவை மட்டும் எண்ணி அதன் தன்மையை எண்ணாத கணக்கு அரைக் கணக்கே.

நிலத்தடி நீரை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதையும் அறிந்துகொள்வோம், அது மறைபொருளன்று. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளவைக் கேணிகளின் நீர்மட்டத்தை அளக்கின்றனர். மட்டம் எவ்வளவு ஏறிற்றோ அதனை நிலப்பரப்பால் பெருக்குகின்றனர். பின்பு அம்மண் தனக்குள் கொண்ட நீரில் எவ்வளவை விட்டுக்கொடுக்கும் என்னும் எண்ணால் மீண்டும் பெருக்குகின்றனர். மணற்பாங்கான வண்டல் தன் பருமனில் நூற்றுக்கு 16 பங்கு விட்டுக்கொடுக்கும் என்றும், களிப்பாங்கான வண்டல் நூற்றுக்கு 6 பங்கே விட்டுக்கொடுக்கும் என்றும் நடுவண் அரசின் கணக்கீட்டு நெறி கூறுகிறது. கண்டீர்களா? நீர்மட்டம் அதே அளவுதான் ஏறிற்று, பரப்பும் அதேதான். மண் எத்தகையது என்று எழுதுவதில் பிழை நேர்ந்தால், விடை இரண்டரை மடங்குக்கு மேல் மாறிவிடும்!

அந்த மண்ணை அறிந்தவர் எவர்? எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல், எந்த அடியில் நல்ல ஊற்று, எந்த அடியில் உவர் என்பதைக் கேணி வெட்டியவன் அறிவான். ஆழ்குழாய் இறக்கியவன் அறிவான். ஆயிரக்கணக்கான ஊர்களில் அவ்வறிவு வாய்மொழியாகக் கிடக்கிறது. அஃது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் அதுவும் ஒரு சான்றாக மன்றத்தில் நின்றிருக்கும். அரசின் வழக்குரைஞர்கள் நமக்காக உரைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணில் வாழும் மக்கள் தம் கேணிகளின் கணக்கைத் தம் கையில் வைத்திருக்கவில்லை. எண் எதிர்த்து நிற்கும்போது அதற்கு எதிராக எண்தான் நிற்க முடியும், கண்ணீர் நிற்காது.

நாமே அளந்தால் வெல்ல முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று காட்டுவோம். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கில், 1996-ஆம் ஆண்டு உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் மன்றம் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் தொண்டு அமைப்பு ஒன்று எடுத்த கணக்கு. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கேணிகளுள் 350 கெட்டுவிட்டன என்பதே அக்கணக்கு. ஊர் ஊராகச் சென்று, கேணி கேணியாக எண்ணியவர்கள் உள்ளூர்த் தொண்டர்களே. அந்த எண் தில்லி வரை சென்றது. மன்றத்தின் ஏட்டில் ஏறியது. மாசு செய்தவனே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அவ்வழக்குக்கு முதன்மையான இடமுண்டு. 1996-இல் நம்மவர் எண்ணினர், மன்றம் கேட்டது. 2018-இல் பிறர் எண்ணினர், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறுபாடு இவ்வளவே.

அளக்கும் அறிவு நமக்குப் புதிதா? உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ‘ஏரி வாரியம்’ என்று ஒரு குழுவைக் குறிக்கின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அது. அவ்வூர் நான்மறையாளர்க்கு அளிக்கப்பட்ட ஊர்தான். ஆயினும் ஏரியும் அதனைக் காக்கும் முறையும் இம்மண்ணின் உழைப்பாளர் கண்டவை. கல்லணையின் கதையும் அதுவே. ஆழங்காண முடியாத ஆற்று மணலில் அடிப்படை போடும் வழியைத் தமிழரின் பழைய அணையிலிருந்தே கற்றதாக ஆங்கிலப் பொறிஞர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். 1836-இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டியதும், பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரத்து அணையைக் கட்டியதும் அவரே. நம்மவன் கை அறிந்திருந்ததை அவர் ஏட்டில் எழுதினார். ஏட்டில் ஏறியபின் அது அவர்கள் மொழியின் உடைமையாயிற்று; நமக்கோ அது மறந்துபோன கைவினையாயிற்று.

ஊர்தோறும் நீர் திறக்கும் தொழிலாளர் இருந்தனர். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று இடத்துக்கு ஒரு பெயர். எந்த மதகை எத்தனை நாழிகை திறந்தால் எந்த மடையின் கடைசி வயல் நனையும் என்பதை அவர்கள் கண்ணளவாலும் காலளவாலும் அறிந்திருந்தனர். அவர்களுட் பலர் தாழ்த்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தோர். அவர்கள் கையிலிருந்த அறிவை, அவர்களைத் தாழ்த்தியது போலவே நாமும் தாழ்த்தினோம். பள்ளிக்கூடத்து நூலில் அவர்கள் பெயரில்லை. தமிழ் தமிழ் என்று நாம் பேசும்போது, சங்க நூல்களின் சொல்லைப் போற்றிவிட்டு மடைதிறந்தவனின் சொல்லை மறந்துவிட்டால், நாம் போற்றியது பாதித் தமிழே.

இங்கே இரண்டு மறுப்புகளைச் சிலர் கூறுவர். முதலாவது, “அறிவியல் உலகுக்குப் பொது, அதற்கு மொழி எதற்கு?” என்பது. அறிவியலின் உண்மை உலகுக்குப் பொதுதான். ஆனால் கேணி உலகுக்குப் பொதுவன்று. அஃது ஓர் ஊரினது. அவ்வூரார்க்குப் புரியாத உண்மையால் அவ்வூர்க் கேணிக்கு ஒரு பயனுமில்லை. நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். அந்நாட்டின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குத் தாழ்ந்தது. 13-ஆம் நூற்றாண்டு தொடங்கி அங்கே நீர்வாரியங்கள் உள்ளன; இன்று 21 நீர்வாரியங்கள், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினரோடு இயங்குகின்றன. அவர்கள் உலகமெங்கும் சென்று ஆங்கிலத்தில் ஆய்வுரை படிக்கின்றனர். ஊருக்குத் திரும்பினால் தம் டச்சு மொழியிலேயே நீரை அளக்கின்றனர், வழக்காடுகின்றனர். நம்மிலும் மிகச் சிறிய மக்கள்தொகை கொண்ட இனம் அது!

அத்துணைத் தொலைவு போவானேன்? அண்டையிலுள்ள ஆந்திரத்தில், 21-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், வறட்சி மிக்க ஏழு மாவட்டங்களின் அறுநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் உழவரே மழையை அளந்தனர். உழவரே கேணியின் மட்டத்தை அளந்தனர். இந்த ஆண்டு இவ்வளவு நீர்தான் உள்ளது, எனவே எந்தப் பயிரை எவ்வளவு நிலத்தில் இடலாம் என்று கூடிப் பேசினர். ஊர்ப் பலகையில் தெலுங்கில் எழுதி வைத்தனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு துணைநின்ற திட்டம் அது. எழுத்தறியாத பெண்டிரும் அதிற் பங்குகொண்டனர். தெலுங்கு உழவனால் முடிந்தது தமிழ் உழவனால் முடியாதா?

இரண்டாவது மறுப்பு, “தமிழில் அதற்குச் சொல்லில்லை” என்பது. இதைச் சொல்பவர் ஓர் ஏரிக்கரையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். வரத்து, போக்கு, நீர்பிடிப்பு, மதகு, மடை, தூம்பு, குமிழி, கலிங்கு, தலைமடை, கடைமடை, கசிவு, ஊறல், ஊற்றுக்கண், உவர், சவர் என்று சொற்கள் அணியணியாக வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதை நம் உழவன் ஒரு சொல்லாற் சொல்கிறான். புதியன வேண்டுமிடத்து ஆக்கிக்கொள்வது எளிது. சொல்லில்லாமையன்று நம் குறை; சொல்லை எடுத்தாள மனமில்லாமையே குறை.

மேலும் ஒன்று. ஊர்தோறும் குழாய்நீர் தருவதற்கென்று 2019-இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்டிர்க்குப் பயிற்சி தந்து, கையடக்கப் பெட்டி கொண்டு நீரை ஆய்வு செய்விக்க வேண்டும் என்று ஒரு நல்ல நெறி உண்டு. நெறி நன்று, ஆனால் திட்டத்தின் பெயரோ இந்தி. நீரை ஆயும் நம் அக்கையும் தங்கையும் அத்திட்டத்தின் பெயரையே பொருளறியாமல் சொல்ல வேண்டும். பெயரை அயன்மொழியில் வைத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் நம் பெண்டிர் தலையில் வைப்பது எவ்வகை முறை? அப்பெண்டிர் கையில் தமிழில் ஒரு கையேடும், தமிழில் ஒரு பதிவேடும் இருக்குமானால், அவர்களே நாளைய ஏரி வாரியம்.

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். பிறரைப் பழித்தல் எளிது. நொய்யலாற்றில் பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்நீரால் கெட்ட நிலங்களின் உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2011-இல் சென்னை உயர் முறைமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னரே, கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத முறை அங்கு உறுதிப்பட்டது. அக்கழிவை விட்டவர் தில்லிக்காரரல்லர், கருநாடகத்தாருமல்லர், நம்மவரே. ஆற்று மணலை அள்ளுவோரும் நம்மவரே. மணல் என்பது வெறும் கட்டடப் பொருளன்று. வெள்ளத்தை வாங்கி வைத்துக் கோடையில் விட்டுக்கொடுக்கும் நீர்க்களஞ்சியம். அதை அள்ளிய பள்ளத்தில் ஊற்று இறங்குகிறது. கரையோரக் கேணி வற்றுகிறது. ஆற்றை விற்ற கையோடு ஆற்றுரிமை கேட்டு முழக்கமிடுவது பொருந்தாது. கன்னட உழவன் நமக்குப் பகைவனல்லன். அவனும் நம்மைப் போல் எண் புரியாமல் நிற்பவனே. அறியாமையே இருவர்க்கும் பகை.

எனவே நாம் கேட்கவேண்டுவன இவை:

முதலாவது, தமிழ்நாட்டில் எந்த ஆய்வகம் எவருடைய நீரை ஆய்ந்தாலும் முடிவு தமிழில் இருக்க வேண்டும். எண்களின் கீழே ‘குடிக்கலாம்’, ‘குடிக்கக் கூடாது’, ‘பயிருக்கு ஆகும்’, ‘பயிருக்கு ஆகாது’ என்று தெளிவாக எழுத வேண்டும். இஃது அரசாணையாக வரவேண்டும்.

இரண்டாவது, ஊராட்சிதோறும் ஒரு மழைமானியும் ஓர் அளவைக் கேணியும் வேண்டும். அவற்றின் அளவைத் திங்கள்தோறும் ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுத வேண்டும். பிலிகுண்டுலுவில் அன்றன்று வந்த நீரின் அளவையும் டெல்டா ஊர்களின் பலகையில் எழுத வேண்டும். 2018 தீர்ப்பின்படி சூனில் 9.19, சூலையில் 31.24, ஆகசுட்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. வரவேண்டும். வந்ததா என்பதை உழவனே பலகையைப் பார்த்து அறியட்டும்.

மூன்றாவது, நம் பல்கலைக்கழகங்களில் தமிழக நீரைப் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும், ஆய்வு நடந்த ஊருக்குப் புரியும்படி தமிழில் ஒரு சுருக்கம் எழுதி, அவ்வூராட்சிக்கு அனுப்பாமல் பட்டம் தரலாகாது. ஓர் ஊரின் நீரை எடுத்துச் சென்று பட்டம் பெற்றவன், அவ்வூருக்கு ஒரு பக்கமேனும் திருப்பித் தரட்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டா. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு கேணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு கயிறு, ஒரு கல், ஓர் ஏடு போதும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு இடுங்கள். திங்கள்தோறும் முதல் நாள் விடியலில், நீர் இறைக்குமுன், கேணியின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுங்கள். நீரின் சுவையையும் எழுதுங்கள்: நன்னீரா, சவரா, உவரா என்று. கேணி வெட்டிய முதியவரைக் கண்டு எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல் என்று கேட்டு முதற்பக்கத்தில் எழுதுங்கள். அவர் சொல்லும் நீர்ச்சொற்களை அவர் சொன்னவாறே குறியுங்கள். பள்ளி மாணவரை உடன்சேர்த்துக் கொள்ளுங்கள். பத்தாண்டுகள் விடாது எழுதிய ஆயிரம் ஏடுகள் நம்மிடம் இருக்குமானால், அடுத்த முறை எவரும் நம் மண்ணுக்கடியில் இவ்வளவு நீருண்டு என்று எளிதிற் சொல்லிவிட முடியாது. சொன்னால் நம் ஏடு எழுந்து விடை கூறும்.

மொழிப்போர் என்றால் பெயர்ப்பலகையில் மட்டும் நடப்பதன்று. கேணியின் விளிம்பிலும் நடக்க வேண்டிய போர் அது. சொல் எவருடையதோ அளவு அவருடையது. அளவு எவருடையதோ நீர் அவருடையது.

அந்த முதியவரின் தாளின் பின்பக்கத்தில் நான் தமிழில் எழுதிக்கொடுத்தேன்: “இந்நீர் குடிக்கக் கூடாது. உப்பு மிகுதி.” அவர் அதை இருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின்பு கேணியடியில் குடத்துடன் நின்ற மருமகளை அழைத்து, “இனிக் குடிக்க இதிலிருந்து எடுக்காதே அம்மா” என்றார். அந்த ஒரு வரியைத் தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரி இல்லாமல் அக்குழந்தை எத்தனைக் குவளை குடித்திருக்கும்? எண்ணிப் பாருங்கள், பின்பு கயிற்றை எடுங்கள்.